பேசாமல் விட்ட பதினோரு வரிகள்

அஞ்சலட்டையின் மூலைகளில் கறுப்பு மை தடவியிருந்தது. கலியமூர்த்தியின் மைத்துனர் கடலூரிலிருந்து எழுதியிருந்தார். மஞ்சள் காமாலை. ஒன்பது நாள் படுக்கை. வெள்ளிக்கிழமை காரியம். வயதைப் போடவில்லை. முப்பத்தொன்று.

நான் சிதம்பரத்தில் படித்தபோது அவன் எங்கள் விடுதி அலுவலகத்தில் எழுத்தர். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஊர்த் திருவிழா நாடகங்களில் நடித்தவன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டேன். நூலகத்தில் கிடைத்த ஒரு சீன நாடகத்தை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வைத்திருந்தேன். ராஜா இல்லை, சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு கிழவர் போருக்குப் போன மகனுக்குச் சோறு எடுத்துவைத்துக் காத்திருக்கிறார். அவன் இறந்துவிட்டதாகக் கடிதம் வருகிறது. அவ்வளவுதான்.

“இதுல நான் என்னா பண்ணணும் மச்சான்? குந்திக்கினு இருக்கணுமா?”

“ஆமா.”

“அதுக்குத்தான் ஆபீசுலயே சம்பளம் குடுக்குறாங்களே.”

மூலத்தில், கடிதத்துக்குப் பிறகு கிழவர் பேசுவதில்லை. எனக்குப் பயம். நம்மவர்கள் கைதட்டமாட்டார்கள் என்று பதினோரு வரிப் புலம்பலை நானே எழுதிச் சேர்த்தேன். ஒத்திகைகளில் கலியமூர்த்தி அதில் ஒரு சொல்கூடத் தவறவிட்டதில்லை.

அரங்கேற்றத்துக்குக் கடலூரிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி முதலாளி வந்திருந்தார். நடிப்பு பிடித்தால் சேர்த்துக்கொள்வதாக வாக்கு. கலியமூர்த்தி வேறொன்றும் விரும்பியதில்லை. அலுவலகத்துக்கு ராஜினாமாக் கடிதம்கூட எழுதி வைத்திருந்தான்.

வசனம் எடுத்துக்கொடுக்கப் பக்கத் திரைக்குப் பின்னால் நான் நின்றேன். கடிதம் வந்தது. படித்தான். மடித்தான். மகனுக்கு வைத்த கிண்ணத்தை எடுத்துச் சோற்றைப் பானையில் திருப்பிப் போட்டான். விளிம்பில் ஒட்டிய பருக்கைகளை விரலால் வழித்தான். அவசரமில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. தோள்களுக்கு மட்டும் வயது கூடியிருந்தது.

மறந்துவிட்டான் என்று நினைத்தேன். “மகனே” என்று எடுத்துக்கொடுத்தேன். அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். மூன்றாம் முறை கூடம் முழுக்கக் கேட்டது. பார்வையாளர்களில் ஒருவன் கத்தினான்:

“டேய், அப்பங்காரன் சும்மா இருக்கான், உள்ள இருக்குறவன் அழுவுறான்டா!”

சிரிப்பு அடங்கவில்லை. அவன் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தான். திரை விழுந்தது.

முதலாளி உள்ளே வந்தார். “இன்னாப்பா, வசனம் மறந்துபூட்டியா?”

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான். “ஆமாங்க. மறந்துட்டன்.”

“மறதிக்காரன் நமக்கு ஒத்துவராது தம்பி.” போய்விட்டார்.

மறுவாரம் கடலூர் போகும் ரயிலில் அவனிடம் கேட்டேன். “நெஜமாவே மறந்துட்டியா?”

“எங்கண்ணன் கடல்லேர்ந்து வராத அன்னிக்கி எங்கப்பா ஒரு வார்த்த பேசல மச்சான். அவனுக்கு எடுத்துவச்ச கொழம்ப சட்டியில திருப்பி ஊத்துனாரு. மேடையில அதான் வந்துது. உன் வசனம் வரல.”

“அத அவர்கிட்ட சொல்றதுக்கு என்னா?”

“நீ நோட்டும் கையுமா நடுங்கிக்கினு நின்ன. உன் எழுத்து வேணாம்னு வுட்டேன்னு அத்தினி பேர் எதிர்ல எப்டி சொல்றது?” பிறகு சிரித்தான். “பாத்தா, அழுதவன் நீ. கம்பெனியில உன்னதான் சேத்திருக்கணும்.”

அந்த முதலாளியின் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில்தான் இருந்தது. அன்றே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. கலியமூர்த்தி கடைசிவரை எழுத்தராகவே இருந்தான். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அன்று கூடத்தில் இருந்த சிலர் இதைப் படிப்பீர்கள். வசனம் மறந்தவன் என்றே அவனை நினைத்திருப்பீர்கள். அவன் மறக்கவில்லை. நான் பார்த்த நடிப்பில் அதைவிடப் பெரியது இல்லை. அதைக் கெடுத்த குரல் என்னுடையது.

இப்போதெல்லாம் எழுதும்போது ஒரு வரி தானாக அழ ஆரம்பித்தால் அடித்துவிடுகிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது. இந்தக் குறிப்பிலும் நான்கு வரிகளை அடித்திருக்கிறேன்.