மூச்சை அடக்கிக்கொண்ட ஆயா

அந்த நோட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தொண்ணூறுகளில், அப்பாவின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மயிலாப்பூர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயில் சேரும் சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுப்பது நர்ஸின் வேலை. ஏஜென்சியிலிருந்து வந்த நர்ஸ் ஒரே ஒரு தடவை செய்து காட்டி, அதை அப்பாவைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வைத்திருந்த ஆயாவின் தலையில் கட்டிவிட்டாள். பிறகு திங்கட்கிழமைதோறும் வந்து, வாரம் முழுவதும் தானே செய்ததாக நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள்.

ஆயா சைதாப்பேட்டைக்காரி. ஒல்லி உடம்பு, காதில் பிளாஸ்டிக் தோடு. மெஷின் குழாயை உள்ளே விடும்போதெல்லாம் தன் மூச்சை அடக்கிக்கொள்வாள். கழுத்து நரம்பு புடைக்கும்.

"ஏன் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷினு இழுக்கசொல்ல பெரியவரால மூச்சு வுட முடியாதுல்ல? எனக்கு முட்டிக்கினு வந்தா அவருக்கும் முட்டும். ஒடனே எடுத்துருவேன்."

"நர்ஸ் சொல்லிக்கொடுத்தாளா?"

"அது எங்க சொல்லிச்சு? நானா பண்றேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வரட்டும் அவ. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். படிச்சவ செய்யற காரியமா இது?"

ஆயா குழாயைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கேளு சார். ஆனா அன்னிக்கி சிஸ்டர் காட்டசொல்ல நீயும் இங்கதான நின்னுக்கினு இருந்த? நீ ஏன் கத்துக்கல?"

திங்கட்கிழமை நர்ஸ் வந்தாள். நோட்டை விரித்து வைத்துப் பேனா கேட்டாள். ஆயா அப்பாவின் தலைமாட்டில் மெஷின் குழாயும் கையுமாக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

என் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன்.