சொடக்கு விழாத வைத்தியம்

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் கரோல் பாக்கிலிருந்து பஸ் பிடித்து வந்து, மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டு, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு, தான் முதன்முதலில் டெல்லிக்கு வந்த கதையைத் தொடங்குவார். கொட்டும் பனியில் ஸ்வெட்டர் இல்லாமல் ரயிலிலிருந்து இறங்கிய கதை. அவர் ரயிலை விட்டு இறங்கும்போதே அம்மாவுக்கு அடுக்களையில் அவசர வேலை வந்துவிடும், அப்பாவுக்குக் கொட்டாவி வந்துவிடும். மிஞ்சுவது நான்தான். ஒன்பது வயதில் எனக்குத் தப்பிக்கத் தெரியாது.

அந்த ஞாயிறு அவர் கதையைத் தொடங்கவில்லை. பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு நாளாகவே வலியாம். வாயுப் பிடிப்பு என்று தானே முடிவுகட்டி, மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்து வந்திருந்தார். அப்பா ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். அம்மாதான் யோசித்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டபோது முனிர்கா பக்கத்தில் ஓர் ஆஸ்டியோபதி டாக்டர் சரிசெய்திருந்தார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. கையாலேயே எலும்பையும் தசையையும் வழிக்குக் கொண்டுவருவாராம். ஆன்ட்டியின் பையன் என்னிடம் வேறொன்று சொல்லியிருந்தான்: கழுத்தைத் திருப்பியபோது மடக்கென்று விழுந்த சொடக்கு வெளியே வரைக்கும் கேட்டதாம். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் அடம்பிடித்து நானும் ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் ஒல்லியான மனிதர். பெரியப்பாவை நிற்கவைத்துப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் படுக்கவைத்து முதுகெலும்பை ஒட்டி விரல்களால் தடவிக்கொண்டே வந்தார். நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அவரோ பெரியப்பாவை மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றில் உள்ளங்கையை வைத்தார்.

"ஏட்டி, நோவு முதுகுல. இவன் வயித்தைத் தடவுதான் பாரு" என்றார் பெரியப்பா என்னிடம்.

டாக்டரின் கை தொப்புளுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. சற்று நேரம் அங்கேயே இருந்தது. பிறகு தூங்குகிற குழந்தையின் மேலிருந்து கையை எடுப்பதுபோல மெல்ல எடுத்தார். சிரித்த முகத்தோடு, வைத்தியம் இனிமேல்தான் ஆரம்பம், அசையாமல் படுத்திருங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அம்மாவை வெளியே கூப்பிட்டார்.

வெளியே அவர் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக் குழாய் வீங்கித் துடிக்கிறது. எழுந்தாலோ முக்கினாலோ வெடித்துவிடலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அதுவரை அவர் எழக் கூடாது, பயப்படவும் கூடாது.

அம்மா உள்ளே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் திட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரியப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் கைகளில் ஏந்திக்கொண்டார். அவ்வளவுதான். அழுத்தவும் இல்லை, திருப்பவும் இல்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் பொறுத்தார். "சரி, நான் வெளிய போயி ஒரு சிகரெட்டு புடிச்சிட்டு வாரேன்" என்று முழங்கையை ஊன்றினார்.

அம்மா பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புருஷனின் அண்ணனுக்கு எதிரில் உட்காரக்கூட மாட்டாத அம்மா அவள்.

"படுங்க அத்தான். நீங்க மொதமொதல்ல டெல்லிக்கு வந்தீங்களே, அந்தக் கதையைச் சொல்லுங்க."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் உனக்குத் தெரியுமே."

"நான் முழுசாக் கேட்டதே இல்ல அத்தான்."

அது உண்மைதான். பெரியப்பா தலையணையில் சாய்ந்து ஆரம்பித்தார். ரயில் பிந்தியது, பனி கொட்டியது, போர்ட்டர் ஒருவன் தன் கம்பளியைக் கொடுத்தான். அம்மா விடாமல் கேள்வி கேட்டாள். கம்பளி என்ன நிறம், போர்ட்டருக்கு எந்த ஊர், டீ எப்படி இருந்தது. கதை முடிந்ததும், மறுநாள் என்ன ஆச்சு என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் கேட்காத கதையை இங்கே வந்தா கேட்பார்கள்?

"அங்கிள், சொடக்கு எப்போ எடுப்பீங்க?" என்று டாக்டரிடம் ஹிந்தியில் கேட்டேன்.

"வரும் பேட்டா" என்றார், என்னைப் பார்க்காமலே. ஏசி ஓடிக்கொண்டிருந்தும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. இரண்டாம் தடவை கேட்டபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்கென்று தெரியாமல் விம்மினேன்.

ஒருவழியாக வாசலில் சைரன் கேட்டது. "முதுகை எக்ஸ்ரே போட்டோ எடுக்கணுமாம் அத்தான். நடக்க வேண்டாம்னு அவங்களே தூக்கிட்டுப் போறாங்க" என்றாள் அம்மா. பெரியப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். "ஆளு மரியாதை தெரிஞ்சவன்தான்" என்றார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோதும் டாக்டர் காலை விடவில்லை. கணுக்காலில் இரண்டு விரல்களை வைத்தபடியே கூட நடந்து, வண்டிக் கதவு வரை போனார்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. பெரியப்பா பிழைத்துக்கொண்டார். இப்போதும் மெட்ரோவில் வருகிறார். கதையில் ஒரு பகுதி கூடியிருக்கிறது: "ஒருத்தன் சும்மா என் காலைப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தான்டி. அதுக்குப் பேரு வைத்தியமாம்." அம்மா இப்போதெல்லாம் அடுக்களைக்குப் போவதில்லை. உட்கார்ந்து முழுவதும் கேட்கிறாள். அந்த விரல்கள் கணுக்காலில் நாடித் துடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தன என்று அவருக்கு அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று அம்மா ஆம்புலன்ஸில் ஏறிக்கொள்ள, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து என்னைக் கூட்டிப்போனார். அவர் பையன் படிக்கட்டிலேயே காத்திருந்தான். சத்தம் வந்ததா என்று கேட்டான்.

"ஒண்ணுமே நடக்கல" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். ஒன்றும் நடந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த அறையில் இரண்டு பேர் அத்தனை பாடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.