சிறி மறுபடி கேட்ட 131 பேர்

4.3.2012, கேரம் டவுன்ஸ் கோயில் வாசல்: 96
11.3.2012, அதே இடம்: 118
18.3.2012, ரோவில்: 74
மொத்தம்: 288
அடித்தவை: 131

எல்லாம் கையெழுத்துகள். ஆப்கானிஸ்தானில் இருக்கும் ஆஸ்திரேலியப் படையைத் திருப்பி அழைக்கும்படி நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு. சேகரித்தவர் ஆஸ்திரேலியாவில் நாங்கள் குடியிருக்கும் ரோவிலில் பக்கத்து வீட்டு சிறி, வயது 41, பஸ் ஓட்டுநர். எண்ணிக் கொடுத்தவன் நான்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரருக்கு ஆப்கானிஸ்தானில் என்ன அக்கறை? கேட்டேன்.

"எனக்குப் பதினேழு வயசிலை வேற நாட்டு ஆமி எங்கட வீட்டிலை வந்து இருந்தது, அங்கிள். எங்கட குசினியிலை சப்பாத்தி சுட்டவை. இருக்கலாமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"எந்த நாட்டு ராணுவம்?"

"உங்கட இந்தியாதான்," என்று சிரித்தார். "மா நல்லாப் பிசைவினம்."

எண்ணும்போது ஒன்றைக் கவனித்தேன். அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பது போல, பல வீடுகளில் வீட்டுக்காரர் ஒருவரே மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டிருந்தார். அவரவர் கையால் போடாதது செல்லாது என்பது மனு விதி. விதியைக் காட்டியதும் சிறி பேனாவை வாங்கி 131ஐயும் அடித்தார். முதல் தாளில் அவரே எழுதிய ஒரு பெயரும் அதில் போயிற்று: ரஞ்சினி, அவர் மனைவி.

கேட்கப்படாத ஒருவர்கூட மனுவில் இருக்கக் கூடாது என்று அவருக்குப் பிடிவாதம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாகப் போனார். 101 பேர் தாங்களே போட்டார்கள். 29 பேர் மறுத்தார்கள். கடைசியாகத் தன் வீடு. தாள்களோடு நானும் இருந்தேன்.

மருத்துவமனை வேலை முடிந்து வந்த ரஞ்சினி மனுவை இரண்டு தரம் வாசித்தார், முதல் தாளில் அடிபட்டிருந்த தன் பெயரையும் பார்த்தார்.

"முதல் என்ர பேரை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"அப்ப சப்பாத்தி சுட்டவைக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

சிறி பேனாவை நீட்டினார். ரஞ்சினி வாங்கவில்லை.

"என்னோட வேலை செய்யிற ஆப்கான் பிள்ளையின்ர தங்கச்சி காபூலிலை பள்ளிக்கூடம் போறா. ஆமி போனாப் பிறகும் போவாவோ? அவவை ஆரும் கேட்டவையோ? அது தெரியாமல் நான் போடமாட்டன்."

தாளை என் பக்கம் நகர்த்தி, "மறுத்தவை முப்பது எண்டு திருத்துங்கோ அங்கிள்," என்றார் சிறி.

மனு 258 கையெழுத்துகளோடு போயிற்று. பெற்றுக்கொண்டதாக முதலில் ஒரு கடிதம் வந்தது. கடைசிக் கடிதம் அமைச்சரின் பதில். படை கட்டம் கட்டமாகக் குறையும் என்றிருந்தது. 258 என்ற எண்ணிக்கையும் சரியாக இருந்தது. சிறி அதைப் பிரித்தபடியே ரஞ்சினியிடம் நீட்டி, "பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வரி இருக்கோ எண்டு பாரும்," என்றார். இல்லை.

அந்தக் கடைசிக் கடிதம் வந்த நாள்: 2012 செப்டம்பர் 6, வியாழக்கிழமை.