தண்ணீரைப் பார்க்கிற வேலை

அந்த நகராட்சி நீச்சல்குளத்தில் அவருக்கு இருந்தது ஒரே வேலைதான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருந்த பலகை அவரை 'உயிர்காப்பாளர்' என்று சொன்னது. குளிக்க வருகிறவர்கள் 'விசில்காரர்' என்றார்கள். கரையில் ஓடினால் விசில், ஆள் மேல் குதித்தால் விசில், தண்ணீரில் துப்பினால் விசிலோடு வசவும் உண்டு. வாசல் ஜன்னலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி மட்டும் 'எங்க வீட்டு மகாராஜா' என்பாள். உட்காரும் இடம் அப்படி. ஏணி வைத்து ஏற வேண்டிய இரும்பு நாற்காலி, அதற்கு மேல் ஒரு குடை.

இளவயதில் ஒரு நீச்சல் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவர் அவர். போட்டியில் நீந்தியதே மூன்று பேர்தான் என்ற விவரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. அந்தப் பதக்கம்தான் வேலை வாங்கிக் கொடுத்தது. ஏறி உட்கார்ந்தவருக்கு இருபது வருடத்தில் தலை நரைத்தது, குடையின் துணி பலமுறை மாறியது, குளத்தில் ஒருவர்கூட மூழ்கவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். இவருக்கோ அது தலையெழுத்து செய்த ஓரவஞ்சனையாகப் பட்டது.

"நாள் பூரா தண்ணியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று சாப்பிடும்போதெல்லாம் புலம்புவார்.

"பாக்கறதுக்குத்தான சம்பளம் தர்றாங்க. குடிக்கவா சொன்னாங்க?" என்பாள் மனைவி.

புலம்பினாரே ஒழிய வேலையில் குறை வைத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்கள் இடது மூலையிலிருந்து வலது மூலைக்குப் போகும், திரும்பி வரும். குளிக்கிறவர்கள் துணிமணிகளைக் கம்பிக்கூடையில் போட்டு ஜன்னலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மனைவிக்குப் பின்னால் அலமாரியில் எத்தனை கூடை இருக்கிறதோ தண்ணீரில் அத்தனை தலை தெரிய வேண்டும், இதுதான் அவர்கள் இரண்டு பேரின் கணக்கு. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் வீம்புக்கு ஆழத்துக்குப் போகிறான் என்பதெல்லாம் பின்கழுத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். "கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கறேன்" என்று மார் தட்டிக்கொள்வதும் உண்டு. அப்படிப் பார்க்கும் நேரத்தில் அவருக்கு நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் சலிப்பு.

இந்தச் சமயத்தில்தான் உடை மாற்றும் அறைகளுக்கு மேலே இருந்த கூடத்தை ஆசான் என்று ஒருவர் வாடகைக்கு எடுத்தார். ஆசான் முன்பு ஆயுள் காப்பீட்டு முகவராக இருந்தவர். நாளைக்கு என்ன ஆகுமோ என்று பல வருடம் ஊரைப் பயமுறுத்திச் சம்பாதித்தவருக்கு, நாளை என்று ஒன்றே இல்லை என்று சொன்னால் இன்னும் நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று ஒரு நாள் உறைத்திருக்கிறது. வெள்ளை உடைக்கு மாறினார். குரலைத் தாழ்த்தினார். 'இப்போது, இங்கே' என்று தியான வகுப்புக்கு வாசலில் ஒரு துணிப் பதாகை கட்டினார்.

விசில்காரர் முதல் நாள் மாடி ஏறியது ஞானத்துக்காக அல்ல, மின்விசிறிக்காக. ஆனால் காற்று வாங்கப் போனவரின் காதில் ஆசானின் பேச்சு விழுந்துவிட்டது.

"நேத்து செத்துப்போச்சு. நாளைக்கு இன்னும் பொறக்கல. உங்ககிட்ட இருக்கறது இந்த ஒரு மூச்சு. அதையாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. இருபது வருடம் ஊரார் மூச்சைப் பார்த்தவர் தன் மூச்சைப் பார்த்ததே இல்லை. அவருக்குப் பகீரென்றது. கீழே இறங்கும்போது வேறு ஆளாக இறங்கினார்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஒரு கவளம் சோற்றை விழிப்போடு மெல்லுகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி, கழுவிய கையும் காய்ந்துவிடும். பாத்திரம் கழுவுவது பெரிய தியானம் என்று ஆசான் சொன்னாராம். இவர் ஒரே ஒரு டம்ளரை எடுத்து, அதன் உள்ளும் புறமும் உணர்ந்து உணர்ந்து கழுவி வைத்துவிட்டு, பேரமைதியோடு எழுந்து போவார். அண்டாவும் சட்டியும் மனைவியின் ஞானத்துக்கு மிச்சம் இருக்கும்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகளை அழைத்துவர வண்டியோடு வருகிறேன் என்று சொன்னவர், போகவில்லை. பெட்டியும் கையுமாகச் சொட்டச் சொட்ட நனைந்து வீடு வந்து சேர்ந்தது அந்தப் பெண்.

"வர்றேன்னு சொன்னீங்களேப்பா?"

"அது நேத்து சொன்னதும்மா," என்றார் அவர், முகத்தில் ஒரு புன்னகையோடு. "மழைய முழுசா அனுபவிச்சியா?"

மகள் அதன் பிறகு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். அதையும் அவர் மௌனத்தின் மகிமை என்று எடுத்துக்கொண்டார். இவரை என்ன செய்வது?

கடைசியில் விசிலிலும் கை வைத்தார். அந்தச் சத்தம் மனதைக் கலைக்கிறதாம், விசில் ஊதுவது பிறரை அடக்கியாளும் ஆசையாம். கழுத்திலிருந்து கழற்றி டிக்கெட் ஜன்னலில் வைத்தார்.

"இது எனக்கு வேண்டாம். யாருக்காவது குடுத்துடு."

"யாருக்குக் குடுக்கறது, ரயிலுக்கா? என் கழுத்து சும்மாதான் கெடக்கு," என்று மனைவி அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அன்று முதல் அவர் மேலே உட்கார்ந்து அரைக்கண் மூடித் தன் மூச்சைப் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் கரையில் தலைகால் புரியாமல் ஓடின. ஜன்னலிலிருந்து அவள்தான் தொண்டை கிழியக் கத்தினாள். அவருடைய கவலையெல்லாம் இப்போது ஒன்றே ஒன்றில் வந்து நின்றது. ஆசானின் கூடத்தில் முன்வரிசையில் ஒரு மெத்தை இருந்தது. 'விழித்தவர்' என்று ஆசான் வாயால் யாரைச் சொல்கிறாரோ அவர்தான் அதில் உட்கார வேண்டும். மெத்தை காலியாகவே கிடந்தது. ஆசையை ஒழிக்கப் போன மனிதருக்கு அந்த மெத்தையை நினைத்தால் நெஞ்சு அடைத்தது.

ஆசானுக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். 'நீரில் விழிப்பு' என்று ஒரு வகுப்பை அறிவித்தார். ஒரு காலைப்பொழுது குளத்தைச் சீடர்களுக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு ஒருவர் விழிக்கப்போகிறார், மெத்தை நிரம்பப்போகிறது என்ற பேச்சு முன்பே கசிந்திருந்தது.

ஆசான் தண்ணீரில் இறங்கவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் நாற்காலி போட்டு அமர்ந்து, விசில்காரரை அண்ணாந்து பார்த்து, "நீங்க மேல இருங்க. சாட்சியா இருங்க," என்றார். போதாதா? இவருக்குப் பாதி மெத்தை கிடைத்துவிட்டது.

சீடர்கள் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றார்கள். அவர்களில் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர், போன மாதம்தான் சேர்ந்தவர். தண்ணீரைக் கண்டாலே அவருக்கு உதறல். படியில் நின்று காலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தவர், மேலே விசில்காரரை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்கினார்.

"முகத்த தண்ணிக்குள்ள வைங்க. மூச்ச நிறுத்திட்டு மெதங்குங்க," என்றார் ஆசான். "போதும் எந்திரின்னு மனசு சொல்லும். மனசு சொல்றத கேக்காதீங்க."

பழைய விசில்காரராக இருந்திருந்தால் இந்த இடத்திலேயே விசில் பறந்திருக்கும். யாராவது மூச்சைப் பிடித்துப் பந்தயம் கட்டினால் காதைத் திருகி வெளியே அனுப்பியவர் அவர். இப்போதோ தலையை ஆட்டி ஆமோதித்தார்.

தலைகள் தண்ணீருக்குள் போயின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே வந்து, இருமி, மூச்சு வாங்கி, தோற்றுவிட்ட முகத்தோடு சுவரோரம் ஒதுங்கின. ஒரு தலை மட்டும் எழவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் குப்புற மிதந்துகொண்டிருந்தார். கைகள் துவண்டு தொங்கின. கால்கள் மெல்லக் கீழே இறங்கின. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ஆசான் கைகளை உயர்த்தினார். "பாருங்க," என்றார் கிசுகிசுப்பாக. "எல்லாத்தையும் விட்டுட்டாரு."

கரையே வாயைப் பிளந்தது. மேலே உட்கார்ந்திருந்த விசில்காரரும் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மூழ்குகிறவன் கத்த மாட்டான், கையைக் காலை ஆட்ட மாட்டான், சத்தமே இல்லாமல்தான் போவான் என்று வேலைக்குப் புதிதாக வந்த ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுத்தவர் அவர். அந்தப் பாடம் கண்ணெதிரே மிதக்கிறது. அவருக்கு என்ன தோன்றியது? சொல்லவே வாய் கூசுகிறது. வயிறு எரிந்தது. நேற்று வந்த ஜெராக்ஸ் கடைக்காரன் என்னை முந்திக்கொண்டானே, போச்சே மெத்தை என்று பொறாமையில் புழுங்கிக்கொண்டு, நீரில் செத்துக்கொண்டிருந்த மனிதனை அண்ணாந்து பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது விசில் அலறியது.

ஜன்னலில் மனைவி எழுந்து நின்று, கன்னம் புடைக்க, நிறுத்தாமல் ஊதிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் விசில்காரரின் உடம்பு தானாக எழுந்தது. சட்டையோடு குதித்தார். தண்ணீரில் விழுந்ததும் ஆளைப் புரட்டியதும் கரைக்கு இழுத்ததும் அவருக்கு நினைவில்லை. மெத்தை இல்லை, ஆசான் இல்லை, தன் மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதுகூட இல்லை. நீலம் பாய்ந்த அந்த உதடுகள் மட்டும் இருந்தன. வாயோடு வாய் வைத்து ஊதினார். மறுபடி ஊதினார். கடைக்காரரின் நெஞ்சு ஒரு முறை தூக்கிப்போட்டது. ஒருக்களித்துத் திருப்பியதும் கொடகொடவென்று தண்ணீர் வந்தது.

ஆசான் ஓடிவந்து குனிந்து, "உள்ள என்ன தெரிஞ்சுது? சொல்லுங்க, என்ன தெரிஞ்சுது?" என்றார்.

கடைக்காரர் அவருடைய வெள்ளை உடை மேல் வாந்தி எடுத்தார். அந்த வகுப்பில் யாரும் சொன்ன உருப்படியான பதில் அது ஒன்றுதான்.

கடைக்காரரை மருத்துவமனைக்கு ஏற்றிவிட்ட பிறகு மனைவி ஈரத்தரையில் வந்து நின்றாள்.

"ஜன்னல்லேர்ந்து எனக்குத் தெரியுது. தலைக்கு மேல உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியலையா? என்னத்தங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவர் குனிந்து சட்டையின் ஈரத்தைப் பிழிந்தார். சொல்லும்படியான பதிலா அது?

ஆசான் லேசுப்பட்டவர் அல்ல. உடை மாற்றிக்கொண்டு வந்த உடனேயே நடந்ததைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டார். "யோசிக்காம குதிச்சீங்களே, அதுதான் விழிப்பு. மெத்தை உங்களுக்குத்தான். வாங்க," என்று எல்லோர் முன்னிலையிலும் கை நீட்டினார்.

இத்தனை மாதம் ஏங்கியது கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. விசில்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"நான் விழிச்சுல்லாம் குதிக்கலைங்க. விசிலுக்குக் குதிச்சேன்," என்றார்.

பிறகு மனைவியிடம் திரும்பிக் கையை நீட்டினார். அவள் உடனே கொடுத்துவிடவில்லை. நன்றாக முறைத்துவிட்டுத்தான் கழற்றிக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு ஆசானின் முகத்துக்கு நேராக ஒரு ஊது ஊதினார். "எல்லாரும் வெளிய போங்க. குளம் மூடியாச்சு." ஆசான் காதைப் பொத்திக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தால், அந்தக் கணத்தில் முழுமையாகத்தான் இருந்திருப்பார். அடுத்த வாரமே அவர் கூடத்தைக் காலி செய்துகொண்டு, ஒரு ஜவுளிக்கடையின் மாடிக்குப் போனதாகக் கேள்வி. மெத்தையையும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

கதை இதோடு முடிந்திருந்தால் விசில்காரர் தப்பித்திருப்பார். ஊரும் அவரை உயிர் காத்தவர் என்று கொண்டாட ஆரம்பித்திருந்தது. மகள்கூடப் பேசிவிட்டாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் உடம்பு தேறி ஒரு காலையில் குளம் திறந்ததும் முதல் ஆளாக வந்தார். ஏணிக்குக் கீழே நின்று இரு கையையும் கூப்பினார். விசில்காரர் பதறி இறங்கி வந்தார்.

"உங்களாலதாங்க இன்னிக்கு நான் நிக்கறேன்," என்றார் கடைக்காரர். "எனக்குத் தண்ணின்னாலே சின்ன வயசுலேர்ந்து பயம். அந்த ஆசான் சொன்னா நான் இறங்கிடுவேனா? மேல நீங்க உக்காந்திருந்தீங்க. இத்தன வருஷம் ஒரு உயிர்கூடப் போகாம பாத்துக்கிட்டவரு, நம்மளையும் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு, அப்புறம் என்ன பயம்னு நெனச்சேன். அந்த தைரியத்துலதாங்க முகத்த தண்ணிக்குள்ள வச்சேன்."

'நேத்து செத்துப்போச்சு' என்ற ஆசானின் வசனம் விசில்காரரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார். மனைவி டிக்கெட் கட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கிட்டுத்தாங்க இருந்தேன்," என்றார் அவர். "நீங்க மூழ்கறத பாத்தேன். எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய மனிதர் தன்னடக்கமாக ஏதோ சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டு ஜன்னலில் கொடுத்தார். மனைவி அந்தக் கூடையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"நீங்க இருக்கீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார் கடைக்காரர்.

விசில்காரர் ஏணியில் ஏறி உட்கார்ந்தார். அலமாரியில் ஒரு கூடை. தண்ணீரில் ஒரு தலை. அவர் கண்ணை எடுக்கவில்லை.