சிவப்புப் பூட்டு

இன்று அவளை எல்லோரும் பூட்டுக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பதினோரு வருடமாக மெக்கானிக். அந்தப் பெயர் வந்த கதையை அவள் சொல்லமாட்டாள். மற்றவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சிரிக்கிற கதையா அது? எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.

அவள் வளர்ந்தது குழந்தைகள் இல்லத்தில். மூன்று வயதில் கொண்டுவந்து விட்டவர்கள் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இல்லத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். சோற்றுக்குப் பஞ்சமில்லை, அடி உதை இல்லை. ஆனால் நாற்பது பேரில் அவள் ஒருத்தி. காலையிலும் மாலையிலும் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். பதினெட்டு முடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்படி வெளியே வருகிற பிள்ளைகளில் வருடத்துக்கு ஆறு பேரை அந்தக் கம்பெனி தொழில் பழக எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் வேலை, புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு, விடுதியில் ஒரு கட்டில். வேலை போனால் கட்டிலும் போகும். இரண்டு முறை தாமதமாக வந்ததற்கு அவளிடம் ஏற்கெனவே எழுதி வாங்கியிருந்தார்கள். இன்னொரு தப்பு என்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்கள்.

முதல் நாளே ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்தார்கள். லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணற்றுக்குள் வேலை என்றால், முதலில் மேலே மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்ட வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டியவர்தான் திறக்க வேண்டும். சாவி ஒன்றே ஒன்று. தனக்கே தனக்கென்று அவளுக்குக் கிடைத்த முதல் சாவி அது.

அவளோடு வேலை பார்த்த சீனியர் மெக்கானிக்குக்கு வெடி என்று பட்டப்பெயர். ஒரு ஸ்குரூ கை தவறினால் போதும், மனுஷன் கத்துகிற கத்து மொட்டைமாடிவரை கேட்கும்.

அந்தப் புதன்கிழமை ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் வேலை. கிணற்றின் அடியில் எண்ணெய்க் கசடைத் துடைத்து அவள் வெளியே வந்தபோது மணி நாலு. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வெடி அண்ணன் ஐந்தாம் மாடியில் ஒரு கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் கையைக் கழுவினாள், பஸ் ஏறினாள். கிளம்புகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. திமிரெல்லாம் இல்லை, பாவம். 'போயிட்டு வரேன்' என்று சொல்வதற்கு அவளுக்கு யார் இருந்தார்கள்? அந்த வார்த்தை அவள் வாய்க்குப் பழக்கமே இல்லை.

வகுப்பில் செல்போனை அணைத்துவிட வேண்டும். பேனா எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது சாவி தட்டுப்பட்டது. பூட்டைத் திறக்காமலே வந்துவிட்டாள். மேலே பூட்டு தொங்குகிறது, லிஃப்ட் நிற்கிறது. சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டுத் தொலைந்துபோனது என்று சொல்லிவிடலாமா? கண்காணாமல் எங்கேயாவது போய்விடலாமா? எங்கே போவது? திரும்பவும் பஸ் ஏறினாள்.

போய்ச் சேரும்போது ஆறு மணி. காய்கறிப் பையோடு மூச்சு வாங்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர்கள் அவள் சட்டையிலிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்து முறைத்தார்கள். ஒன்பது மாடியும் தலையைக் குனிந்தபடியே ஏறினாள்.

மோட்டார் அறையில் கட்டட மேனேஜர் பூட்டை அறுக்கக் கையில் கட்டரோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வெடி அண்ணன் சுவிட்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால்வரை கிரீஸ், முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். ஆளைக் கண்ணால் பார்க்காமல் பூட்டில் கைவைக்க விடமாட்டேன் என்று ஒன்றரை மணி நேரமாக ஒரே பிடியாக உட்கார்ந்திருக்கிறார்.

அவள் சாவியை நீட்டினாள். வெடிக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டாள். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவள் கை காலில் அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எங்கயாவது விழுந்து கெடக்கியோன்னு ரெண்டு தடவ இறங்கித் தேடுனேம்மா" என்றார். "ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

திட்டு வாங்கத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை. பிறந்ததிலிருந்து அவளைக் காணோம் என்று யாரும் தேடியதில்லை. பூட்டைத் திறந்துவிட்டு, அந்தச் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே விம்மி விம்மி அழுதாள்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. பூட்டு மாட்ட மறந்திருந்தால் இந்த நிமிடமே அனுப்பியிருப்போம், நீ மறந்தது திறக்கத்தான் என்றார்கள். ஒரு மாதம் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, சாமான் மட்டும் தூக்க வேண்டும். அதோடு விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு அவள் வெடி அண்ணன் எதிரே போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணா, போயிட்டு வரேன்."

அவர் நிமிரவில்லை. கீழே விழுந்த ஒரு ஸ்குரூவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ம், போயிட்டு வா" என்றார்.