குண்டூசி விழுந்த பக்கம்

இந்தப் பூமியில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே அறுநூறு நாவல்களை முடித்த ஒரே பிறவி என் அப்பாதான். நிலாவில் கடை போட்டாலும் அவரை அடிக்க ஆள் கிடையாது.

படிப்பதிலும் அவர் தையற்காரர்தான். துணியில் பிடிக்கவேண்டிய இடத்தில் குத்துவதுபோல, கதையில் எவனாவது கேவலமாக நடந்தால் பக்க ஓரத்தில் ஒரு குண்டூசி. எங்கே படிக்கிறார் என்று எதிர் ஸ்டூலிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். இப்போது கையிலிருக்கும் நாவலில் பாதி தாண்டுவதற்குள் ஊசி டப்பா முக்கால்வாசி காலி. நாயகன் யாரோடும் ஒட்டாதவன். பக்கத்து வீடு எரிந்தால், புகை வருகிறதென்று ஜன்னலைச் சாத்துகிற ஆள்.

“மூடி வையேன்ப்பா.”

“இரும்மா, எங்கயாவது திருந்துவான்ல.”

இதைச் சொல்கிறவர் இரண்டு வருஷமாகத் தன் தம்பியோடு பேசுவதில்லை. சித்தப்பாவின் கல்யாணத்துக்குக் கோட்டுத் துணியை, “என் தம்பி உடம்பு எனக்குத் தெரியாதா?” என்று அளவு டேப்பைத் தொடாமலே வெட்டினார். கல்யாணத்தன்று பொத்தான் தெறித்தது. “அண்ணன் கணக்குல எனக்கு இன்னும் பதினாறு வயசு” என்றார் சித்தப்பா. கூட்டமே சிரித்தது, அப்பாவைத் தவிர.

ஞாயிறுதோறும் சித்தப்பா கூப்பிடுவார். அப்பா போன்மேல் ஒரு பேன்ட்டைப் போட்டு மூடுவார். அந்த அழைப்புக்கு ஆடு கத்தும் சத்தத்தை வைத்தது என் கைங்கரியம்.

புதன்கிழமை. நான் என் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். நாவலில் நாயகனைத் தம்பி கூப்பிடுகிறான். போன் அடிக்க அடிக்க இவன் நிதானமாக நகம் வெட்டுகிறான்.

“அடப்பாவி, கூடப்பொறந்தவன்டா!” அப்பா ஊசியை எடுத்தார்.

மேஜையில் ஆடு கத்தியது.

பழக்கத்தில் இடதுகை பேன்ட்டை எடுத்து மூடிவிட்டது. வலதுகையில் குண்டூசி. பக்கத்தைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார். மெஷின் நின்றது. ஊசி கையிலிருந்து விழுந்தது. ஆடும் ஓய்ந்தது.

“இவ்ளோ நாளா நான் செஞ்சதும் இதுதானா?”

கேலிக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு என் போனைத் தட்டினேன்.

ஆடு மறுபடி கத்தியது. பேன்ட்டைத் தள்ளினார்.

“சொல்லுடா...” வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “தொப்பையா? வா, இந்தத் தடவை டேப்பு வெச்சே அளவெடுக்கிறேன்.”

போனை வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி புத்தகத்தை எடுத்தார்.

“பாவம், இவனும் கடைசில எடுத்துப் பேசிடுவான்ல?”

“எங்க, கடைசி வரைக்கும் எடுக்கவே மாட்டான்ப்பா.”

அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“பாடப் புஸ்தகத்தையே தொடாத கழுதைக்கு இதோட கடைசிப் பக்கம் எப்படித் தெரியும்? அதான் ஞாயித்துக்கிழமை ஆடு புதன்கிழமை கத்துச்சா?”