ஆள் தேவை

என் வேலையை ஒழித்தவன் நானேதான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது மரியாதை. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தினக்கூலித் தமிழாசிரியனாக இருந்தேன். கேரளத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளின் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போகும், கூடவே வாத்தியாரும் போவார். அந்த ஆண்டு எங்களுக்கு ஒரே ஒரு தலை குறைந்தது. அந்தத் தலை நெய்யாற்றின்கரையில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது. என் மகள்தான். நாளைக்கு வெளிநாடு போகிற பிள்ளையாயிற்றே என்று நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இப்போது ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். மனைவி ஷைனி இங்கே மருத்துவமனையில் நர்ஸ். நான் அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவன். இங்கே என்னைத் திகைக்க வைத்தது குளிரல்ல, ‘ஆள் தேவை’ என்ற தாள். மருந்துக்கடைக் கண்ணாடியில் அது இருக்கிறது, முடிவெட்டும் கடையில் இருக்கிறது, பேருந்தின் முதுகில்கூட ஓட்டுநர் தேவை என்று எழுதியிருக்கிறது. முதல் வாரம் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, வயது வரம்பும் விண்ணப்பிக்கக் கடைசித் தேதியும் எங்கே என்று தேடினேன். பழக்கதோஷம். ஊரில் அரசுத் தேர்வு எழுதி எழுதி நான் இடம்பெறாத ரேங்க் லிஸ்ட் குறைவு. என் பெயர் வரும், எனக்கு மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போவார்கள், என் முறை நெருங்கும்போது லிஸ்ட்டின் ஆயுள் முடிந்துவிடும். நாற்பத்தொன்பது வயதாகியும் ‘நிரந்தரம்’ என்ற சொல் அச்சடித்த ஒரு தாளில் என் பெயரைக் கண்டதில்லை. அந்தத் தாள் ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆகவே ஊருக்கு வெளியே ரொட்டித் தொழிற்சாலை ஒன்று, ஒரு நாள் வேலை செய்து காட்ட வரும்படி அழைத்தபோது, நான் அரசு நேர்முகத்துக்குப் போவதுபோலவே போனேன். டை கட்டினேன். பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை அத்தனை சான்றிதழையும் கோப்பில் அடுக்கினேன். ஜெர்மனியின் மாநிலங்கள், தலைநகரங்கள், நதிகளின் நீளம் எல்லாம் மனப்பாடம். உரிமையாளரான அம்மாள், ஃப்ராவ் வேபர், கையில் மாவு ஒட்டியிருந்ததால், விரல் நுனியால் கோப்பைப் புரட்டி ஒரு தாளில் நின்றார்.

“இது என்ன?”

“தமிழ் என் தாய்மொழி என்பதற்கான சான்று. எங்கள் மாநிலத்தில் நாங்கள் மொழிச் சிறுபான்மையினர்.”

“இதை உங்கள் அம்மாவே சொல்லிவிடலாமே?”

“சொல்லலாம். ஆனால் அம்மா அரசு அதிகாரி இல்லையே.”

நான் நகைச்சுவையாகப் பேசுவதாக நினைத்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னிடம் ஒரே ஓர் எண்தான் கேட்டார்: ஷூ அளவு. பாதுகாப்புக் காலணி தருவதற்கு. ரைன் நதியின் நீளம் தெரிந்த எனக்கு, ஐரோப்பியக் கணக்கில் என் கால் எவ்வளவு என்று தெரியவில்லை.

“எட்டு மணி நேரம் நிற்க முடியுமா?”

“கரும்பலகைக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறேன்.”

தினக்கூலியாக நின்ற அந்த வருடங்களை ஊரில் எவரும் சர்வீஸ் கணக்கில் சேர்த்ததில்லை. இந்த அம்மாள் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். டையைக் கழற்றிப் பையில் திணித்தேன். அன்று முழுவதும் மாவு உருண்டைகளைத் தட்டில் அடுக்கினேன். கோணலாக வைத்தால் பக்கத்தில் நின்ற துருக்கிக்காரர் ஒன்றும் சொல்லாமல் நேராக்கி வைப்பார். மாலையில் ஒப்பந்தம் கைக்கு வந்தது. ‘காலவரையறை இல்லாதது’ என்ற சொல்லை நான்கு முறை வாசித்தேன். டிராமில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

“ஆறு மாசம் ப்ரொபேஷன் உண்டு கேட்டேளா, இப்பவே துள்ளாதேங்க” என்றாள் ஷைனி. ஆனால் அவளே ஒப்பந்தத்தைப் படமெடுத்து நான்கு பேருக்கு அனுப்பினாள்.

நான் செல்வனை அழைத்தேன். எம்.ஏ., பி.எட்.; பாறசாலை ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். கடைசி லிஸ்ட்டில் எனக்கு இரண்டு இடம் மேலே இருந்தவன்.

“மக்கா, பெர்மனென்ட் கிட்டியாச்சு!”

“எலே, நெசமாவா! எந்த ஸ்கூலு?”

“ரொட்டி ஃபேக்டரி.”

அந்தப் பக்கம் நாகர்கோவில் வண்டி வருவதாக மலையாளத்தில் அறிவிப்பு கேட்டது. கழற்ற மறந்த தொழிற்சாலைத் தொப்பி தலையில் இருக்க, வண்டியைப் பிடிக்க வேண்டியவன்போல் நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

“இஞ்ச ஸ்டேஷன் முக்கு பேக்கரியில ஆறு மாசமா ஆளு கிட்டாம கெடக்கு” என்றான் செல்வன். “இதுக்காக்கும் நீ ஜெர்மன் படிச்சிட்டு போனது?”

“ஒரு போர்டு வச்சிருந்தா நான் பாத்திருப்பேனே!”

“வச்சிருக்கான் மக்கா. இந்தியிலயாக்கும். ஒன்ன மாதிரி மூணு டிகிரிக்காரன் எவனும் வரமாட்டான்னு அவனுக்குத் தெரியும்.”